பாதியில் நிறுத்தப்பட்ட தொடரின் நீண்ட ஆயுள்: கன்டம் வரலாறு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1980 ஜனவரி 26, சனிக்கிழமை மாலை, ஜப்பானில் ராட்சத ரோபோக்கள் போரிடும் ‘மொபைல் சூட் கன்டம்’ என்ற அனிமே (ஜப்பானிய அசைவூட்ட) தொடரின் 43ஆவது அத்தியாயம் ஒளிபரப்பானது. தொடர் அத்துடன் முடித்துவைக்கப்பட்டது. 52 அத்தியாயங்களாக ஓராண்டு முழுவதும் ஓட வேண்டும் என்று தொடங்கப்பட்ட தொடர் அது. டோக்கியோவைச் சூழ்ந்த கான்டோ வட்டாரத்தில் அதன் சராசரிப் பார்வையாளர் விகிதம் 5.3 விழுக்காட்டைத் தாண்டவில்லை. பணம் போட்ட பொம்மை நிறுவனத்தின் சரக்கும் கடைகளில் எதிர்பார்த்தபடி நகரவில்லை. ஆகவே ஒன்பது அத்தியாயங்கள் வெட்டப்பட்டன. அன்றைய தொலைக்காட்சி வணிகத்தின் எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் இது தோற்ற தொடர்தான். ஆனால் 2022 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில், அதே கன்டம் பெயரின்கீழ், பொம்மைகளும் வீடியோ விளையாட்டுகளும் விற்கும் பண்டாய் நாம்கோ குழுமம் செய்த விற்பனை 10,000 கோடி யென்னைக் கடந்தது.

இந்த இரண்டு செய்திகளுக்கும் இடையே கிடக்கும் தொலைவை எப்படி விளக்குவது என்பதே இவ்வாய்வின் பொருள். காலத்தை முந்திப் பிறந்த படைப்பு என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. பலரும் அப்படித்தான் கடந்துபோகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அந்தத் தொடருக்குரிய பார்வையாளர்கள் 1979இலேயே இருந்தார்கள். சனிக்கிழமை தவறாமல் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்கள் வாங்கக்கூடிய பொருள் கடையில் இல்லை. கடையில் இருந்த பொருள் அவர்களுக்காகச் செய்யப்பட்டதும் இல்லை. கன்டத்தின் முதல் தோல்வியும், அதையடுத்து வந்த வெற்றியும், அதன்பின் பலமுறை நேர்ந்த தடுமாற்றங்களும், கதை படைப்பவருக்கும் அதற்குப் பணம் போடுபவருக்கும் இடையிலான உறவைச் சுற்றியே நடந்திருக்கின்றன என்பது என் முடிவு. கீழே வருவது அந்த முடிவுக்கான ஆதாரம்.

பொம்மைக் கடைக்காக ஓடிய தொடர்கள்

1972 டிசம்பரில் தொடங்கிய ‘மாசிங்கர் இசட்’ தொடரில்தான், ஒரு சிறுவன் ராட்சத ரோபோவின் உள்ளேயே ஏறி அமர்ந்து அதை ஓட்டும் காட்சி ஜப்பானியக் குழந்தைகளுக்கு முதன்முதலில் பழக்கமானது. 1974இல் பொம்மை நிறுவனமான பண்டாயின் துணை நிறுவனம் போப்பி, அந்த ரோபோவைக் கனமான உலோக வார்ப்புப் பொம்மையாகச் செய்து விற்றுப் பெரும் லாபம் பார்த்தது. அதன்பின் இந்தத் துறையின் கணக்கு மாறிவிட்டது. பொம்மை நிறுவனம் விளம்பரதாரராக வந்து ஒளிபரப்பு நேரத்துக்கும் தயாரிப்புக்கும் பணம் தரும். பதிலுக்குத் தொடர், வாரந்தோறும் அரைமணி நேரம் அந்தப் பொம்மையைத் திரையில் காட்டும். ரோபோ பிரிய வேண்டும், சேர வேண்டும், வண்ணம் பளிச்சென்று இருக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு புதிய எதிரி வர வேண்டும். கதை இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு எழுதப்படும் ஒன்றாக இருந்தது.

கன்டத்தைத் தயாரித்த நிறுவனம் இந்தக் கணக்கின் கடைக்கோடியில் இருந்து வந்தது. சித்திரக்கதைக் கலைஞர் ஒசாமு டெசுகாவின் அனிமே நிறுவனமான மூஷி புரொடக்ஷன் நிதி நெருக்கடியில் தத்தளித்த காலத்தில், அங்கிருந்து வெளியேறிய சிலர் 1972இல் தொடங்கிய சன்ரைஸ் ஸ்டுடியோ, 1976இல் நிப்பான் சன்ரைஸ் என்ற பெயரில் தனித்து நின்றது. அதுவரை அவர்கள் உழைத்த தொடர்களின் உரிமை பிறரிடமே இருந்தது. சொந்தமாக ஒரு தொடர் வேண்டுமென்றால் சொந்தமாக ஒரு விளம்பரதாரர் வேண்டும். அப்படிக் கிடைத்தது க்ளோவர் என்ற சிறிய பொம்மை நிறுவனம். 1977இல் ‘சாம்பாட் 3’, 1978இல் ‘டைடார்ன் 3’ என்று இரண்டு தொடர்கள் க்ளோவரின் பணத்தில், நகோயா தொலைக்காட்சியின் சனிக்கிழமை மாலை 5.30 மணி நேரத்தில் வெளிவந்தன. இரண்டையும் இயக்கியவர் யோஷியுகி டோமினோ. மூஷி நிறுவனத்தில் கறுப்பு வெள்ளைக் காலத்தில் பயின்ற அவர், ‘சாம்பாட் 3’ தொடரிலேயே வரம்பை மீறத் தொடங்கியிருந்தார். பூமியைக் காக்கப் போராடும் குடும்பத்தையே, நீங்கள் இங்கே இருப்பதால்தானே எதிரி வருகிறான் என்று ஊர் மக்கள் விரட்டுகிறார்கள். எதிரிகள் சாதாரண மனிதர்களின் உடலுக்குள் வெடிகுண்டு வைத்து அனுப்புகிறார்கள். இதைக் காட்டியும் பொம்மை விற்றது. க்ளோவர் மறுப்புச் சொல்லவில்லை. விளம்பரதாரர் பொம்மையைப் பார்த்துக்கொள்ளட்டும், கதையை நாம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை சன்ரைஸுக்கு இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

1979 ஏப்ரல் 7: முதல் அத்தியாயம்

விண்வெளிக் கப்பல் ஒன்றில் சிக்கிக்கொண்ட சிறுவர்கள் தாங்களே அதை ஓட்டிப் பிழைக்கும் கதை என்பதே முதல் யோசனை. மனிதர் உடுத்திக்கொள்ளும் இயந்திரக் கவசம் என்ற எண்ணம் அதனுடன் சேர்ந்தது. பொம்மை விற்க வேண்டிய கட்டாயத்தால் அந்தக் கவசம் வளர்ந்து, கடைசியில் கன்டம் என்ற 18 மீட்டர் உயர ரோபோவாக நின்றது. கதைமாந்தரை வரைந்தவர் யோஷிகாசு யாசுஹிகோ. இயந்திரங்களை வடிவமைத்தவர் குனியோ ஒகாவாரா. எழுத்தாளர்களில் முதன்மையானவர் ஹிரோயுகி ஹோஷியாமா.

தொடர் தொடங்கும்போதே ஒரு குரல் நிலவரத்தைச் சொல்கிறது. பெருகிய மக்கள்தொகையை மனித குலம் விண்வெளிக் குடியிருப்புகளுக்கு அனுப்பி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. பூமியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள குடியிருப்பான சைட் 3, ஜியோன் என்ற பெயரில் தனி அரசாக அறிவித்துக்கொண்டு பூமிக் கூட்டரசின்மேல் விடுதலைப் போர் தொடுத்தது. ஒரு மாதத்துக்குச் சற்று மேற்பட்ட சண்டையில் இரு தரப்புமாக மொத்த மனித குலத்தில் பாதியைக் கொன்றுவிட்டன. பிள்ளைகள் பார்க்கும் மாலை நேரத்தில், பொம்மை விளம்பரங்களுக்கு இடையே, வெறும் முன்னுரையாகச் சொல்லப்பட்ட செய்தி இது. வேற்றுக்கிரக அரக்கர்கள் யாரும் இல்லை. இரு பக்கமும் மனிதர்கள். இரு பக்கமும் கொன்றவர்கள்.

முதல் அத்தியாயத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். சைட் 7 குடியிருப்புக்குள் ஜியோனின் மூன்று ஜாக்கு இயந்திரங்கள் உளவு பார்க்க நுழைகின்றன. அவர்களுக்குக் கிடைத்த உத்தரவு வேவு மட்டுமே. அவசரக்காரனான ஒரு வீரன் தானாகவே சுடத் தொடங்குகிறான். அமுரோ ரே என்ற பதின்ம வயதுப் பையன், குண்டுக்குப் பயந்து ஓடும் கூட்டத்தில், சிதறிக் கிடந்த ஓர் இயக்கக் கையேட்டைக் கையில் எடுக்கிறான். அவனுடைய தோழி ஃபிராவ் போவின் தாயும் பாட்டனும் அவள் கண் முன்னே சாகிறார்கள். அவன் கன்டத்துக்குள் ஏறி அமர்ந்து, கையேட்டின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே அதை எழுப்பி நிறுத்துகிறான். முதல் ஜாக்குவை வாளால் வெட்டியவுடன் அதன் உலை வெடிக்கிறது. குடியிருப்பின் சுவரில் ஓட்டை விழுகிறது. அந்த இயந்திரத்தை வடிவமைத்த அவனுடைய சொந்தத் தந்தையே அந்த ஓட்டை வழியாக விண்வெளிக்கு இழுத்துச் செல்லப்படுகிறார். அவனுக்கு அது தெரியாது. நாயகனின் முதல் வெற்றியிலேயே இவ்வளவு சேதம். அதை யாரும் கைதட்டி வரவேற்பதில்லை.

13ஆவது அத்தியாயம் இதைவிட நுட்பமானது. பூமிக்கு வந்த அமுரோ, பல ஆண்டுகளாகப் பிரிந்திருந்த தாயைத் தேடிப் போகிறான். அகதிகள் தங்கியுள்ள இடத்தில் ஜியோன் வீரர்கள் சோதனையிட வர, போர்வைக்கு அடியில் மறைத்துவைத்த துப்பாக்கியால் ஒருவனைச் சுடுகிறான். மகன் உயிர் பிழைத்ததைவிட, அவன் ஒரு மனிதனைச் சுட்டுவிட்டான் என்பதே அந்தத் தாயை உலுக்குகிறது. இது போர் என்று அவன் சொல்கிறான். அவளால் அதை ஏற்க முடியவில்லை. இருவரும் பிரிகிறார்கள். அந்த அத்தியாயத்தில் பொம்மைக்குப் பயன்படும் காட்சி மிகக் குறைவு. எனக்கு அந்த 43 அத்தியாயங்களிலும் மிகப் பிடித்தது இதுதான். மற்ற ரோபோத் தொடர்களோடு ஒப்பிட்டால், இது எப்படி ஒளிபரப்பானது என்ற வியப்பு இன்றும் நீங்குவதில்லை.

கதையின் உள்கட்டமைப்பும் கவனத்துக்குரியது. ராட்சத மனித உருவங்கள் ஏன் கைகலக்க வேண்டும், ஏவுகணைகள் போதாதா என்ற கேள்விக்கு விடையாக மினோவ்ஸ்கி துகள் என்ற கற்பனைப் பொருள் வந்தது. அது பரப்பப்பட்ட இடத்தில் ரேடார் வேலை செய்யாது. ஆகவே கண்ணால் பார்த்து நெருங்கித்தான் சண்டையிட வேண்டும். ஜாக்கு என்பது வாரத்துக்கு ஒன்றாக வந்து அழியும் அரக்கனாக இல்லாமல், தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்படும் ஆயுதமாக இருந்தது. கன்டமும் ஒரு சோதனை மாதிரிதான். அதைப் பார்த்து மலிவாகச் செய்யப்பட்ட ஜிம் என்ற இயந்திரங்கள் பின்னர் போர்க்களத்துக்கு வருகின்றன. உற்பத்தி, வழங்கல், பழுது, பதவி உயர்வு, அரண்மனைச் சூழ்ச்சி என்று ஓர் உண்மைப் போருக்கு உரிய எல்லாம் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தன.

க்ளோவரின் கையும் வெட்டும்

இந்தத் தொடரில் விளம்பரதாரரின் கை எங்கெல்லாம் பட்டது என்பதை இன்றும் கண்ணால் பார்க்கலாம். டோமினோ விரும்பியது ஏறக்குறைய முழுக்க வெள்ளையான ஒரு போர் இயந்திரம். பொம்மைக் கடையில் எடுபட வேண்டும் என்பதால் நீலமும் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தன. சிறிய விமானம் ஒன்று மடிந்து ரோபோவின் வயிற்றுக்குள் செருகிக்கொள்ளும் ஏற்பாடு, பொம்மையைப் பிரித்துச் சேர்க்கும் வசதிக்காக வந்தது. விற்பனை தள்ளாடியபோது, கன்டத்தோடு பல விதமாக இணையும் ஜி ஆர்மர் என்ற ஊர்தியைத் தொடரின் நடுப்பகுதியில் நுழைக்க வேண்டியதாயிற்று. பின்னர் திரைப்படமாகத் தொகுத்தபோது டோமினோ முதல் வேலையாக ஜி ஆர்மரைத் தூக்கிவிட்டு, வேறொரு எளிய விமானத்தை அங்கே வைத்தார்.

இங்கே ஒரு விநோதம் உண்டு. எதிரியின் இயந்திரங்களைப் பொம்மையாக விற்கும் எண்ணம் க்ளோவருக்கு இல்லை. ஆகவே ஜாக்குவை வடிவமைக்கும்போது ஒகாவாராவுக்கு யாரும் நிபந்தனை விதிக்கவில்லை. ஒற்றைக் கண், மூக்கிலிருந்து செல்லும் குழாய்கள், மங்கிய பச்சை நிறம், ஒரு தோளில் முட்கள், மறு தோளில் கேடயம். பணம் போட்டவர்கள் கண்டுகொள்ளாமல் விட்ட அந்த இயந்திரமே, கன்டத்துக்கு இணையாக இன்றுவரை விற்றுக்கொண்டிருக்கிறது. தொடரின் வணிக எதிர்காலம், அதன் வணிகர்கள் பார்க்காத மூலையில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

தொடர் வெட்டப்பட்ட வேளையில் தயாரிப்புக் கூடமும் நிலைகுலைந்திருந்தது. யாசுஹிகோ நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில் சேர்ந்ததால், பிற்பகுதி அத்தியாயங்களில் அவருடைய கை இல்லை. ஓவியத்தின் தரம் சரிந்ததைச் சாதாரணப் பார்வையாளரே உணர முடியும். இன்னொரு பக்கம், வெட்டு உறுதியான பிறகு வந்த புத்தாண்டுப் பருவத்தில் க்ளோவரின் பெரிய இணைப்புப் பொம்மைத் தொகுப்பு நன்றாகவே விற்றது. அதற்குள் முடிவை மாற்றும் நேரம் கடந்துவிட்டது. க்ளோவர் 1983இல் திவாலானது.

யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

க்ளோவரின் கணக்கில் பார்வையாளர் என்றால் தொடக்கப்பள்ளிச் சிறுவன். உண்மையில் கன்டத்தைப் பற்றிக்கொண்டவர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் கல்லூரி இளைஞர்களும்தான். பெண்கள் அவர்களில் கணிசமானவர்கள். முகமூடி அணிந்து, தன் குடும்பத்தை அழித்தவர்களைப் பழிவாங்க அவர்களுடைய படையிலேயே சேர்ந்து உயர்ந்த ஷார் அஸ்னபிள் என்ற எதிர்நாயகனைப் பற்றி அவர்கள் கடிதம் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். அதற்கு இடம் தரும் அச்சுலகமும் அப்போதுதான் உருவாகியிருந்தது. 1977இல் ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’ தொடரின் தொகுப்புத் திரைப்படம் பெற்ற வெற்றிக்குப் பின், 1978இல் அனிமேஜ் போன்ற அனிமே மாத இதழ்கள் வந்துவிட்டன. தொடர் நின்ற பிறகும் அந்த இதழ்களில் கன்டம் நிற்கவில்லை. மறுஒளிபரப்புகள் முதல் ஒளிபரப்பைவிடக் கூடுதலான பார்வையாளர்களைக் கொண்டுவந்தன.

தொடரை மூன்று திரைப்படங்களாகத் தொகுக்க சன்ரைஸ் முடிவு செய்தது. முதல் படம் 1981 மார்ச் 14 அன்றும், இரண்டாவது அதே ஆண்டு ஜூலையிலும், மூன்றாவது 1982 மார்ச்சிலும் வெளிவந்தன. நலம்பெற்றுத் திரும்பிய யாசுஹிகோ, தான் விட்டுப்போன பகுதிகளை மூன்றாவது படத்துக்காகப் பெருமளவில் புதிதாக வரைந்தார். முதல் படத்துக்கு முன்னதாக, 1981 பிப்ரவரி 22 அன்று ஷின்ஜுகு நிலையத்தின் கிழக்கு வாயிலில் நடந்த கூட்டத்துக்கு ஏறத்தாழ 15,000 இளைஞர்கள் வந்தார்கள் என்று கணக்கிடப்படுகிறது. அனிமேக்குப் புதிய நூற்றாண்டு பிறந்துவிட்டது என்ற பிரகடனம் அங்கே வாசிக்கப்பட்டது. கூட்டம் நெருக்கியடித்தபோது டோமினோவே மேடையேறி இளைஞர்களை அமைதிப்படுத்தினார். 5.3 விழுக்காடு என்ற எண்ணுக்குள் மறைந்திருந்த மனிதர்கள், ஓரிடத்தில் கண்ணால் காணும்படி நின்ற நாள் அது. பிள்ளைகளுக்கான பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒன்றைத் தங்களுடையது என்று அவர்கள் பொதுவெளியில் உரிமை கொண்டாடினார்கள்.

300 யென்

திருப்புமுனை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது 1980 ஜூலையில் 300 யென் விலையில் வந்த ஒரு சிறிய அட்டைப்பெட்டி. க்ளோவரிடம் இருந்தது பொம்மைகளுக்கான உரிமை. பிளாஸ்டிக் மாடல்களுக்கான உரிமையைத் தொடர் முடிந்த பிறகு பண்டாய் பெற்றது. மாடல் தயாரிப்பில் பண்டாய்க்கு ஏற்கெனவே வேர் இருந்தது. ஷிசுவோகா மாகாணத்தின் ஷிமிசுவில் நொடித்துப்போன இமாய் நிறுவனத்தின் தொழிற்சாலையையும் அச்சுகளையும் 1969இல் அது வாங்கியிருந்தது. யமாட்டோ கப்பலின் மாடல்களை விற்ற அனுபவமும் இருந்தது.

அந்த முதல் கன்டம் மாடல் 1/144 அளவுடையது. அதாவது 18 மீட்டர் ரோபோ கையில் 12.5 சென்டிமீட்டராக நின்றது. விமான மாடல்களுக்கு வழங்கிவந்த அளவுகோல் அது. இந்த ஒரு முடிவு, கன்டத்தைப் பொம்மை வரிசையிலிருந்து எடுத்துப் போர் விமானங்களும் டாங்கிகளும் இருந்த வரிசையில் வைத்துவிட்டது. பெட்டிக்குள் ஒரே நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து, உடன் வரும் பசையால் ஒட்டி, வண்ணத்தை வாங்குபவரே பூச வேண்டும். மூட்டுகள் அதிகம் அசையா. க்ளோவரின் பொம்மையோடு ஒப்பிட்டால் பிரமாதமான வசதி எதுவும் அதில் இல்லை. ஆனால் திரையில் பார்த்த இயந்திரத்தின் உருவம் அதில் இருந்தது. எதிரியின் ஜாக்குவும் அடுத்தடுத்து வந்தது. ஒரு கல்லூரி மாணவர் நான்கு ஜாக்கு வாங்கி, ஒன்றில் துரு ஏற்றி, ஒன்றின் கையை ஒடித்து, மண் பூசி, ஒரு போர்க்களத்தையே மேசைமீது அமைக்கலாம். பெருந்திரளாகச் செய்யப்பட்ட ஆயுதம் என்று கதை சொன்னதைக் கடை அப்படியே மெய்ப்பித்தது. ஒரே வகையைப் பலமுறை வாங்கத் தூண்டும் காரணம் கதைக்குள்ளேயே இருந்தது.

1981, 1982இல் நாடு முழுவதும் கன்பிளா எனப்பட்ட இந்தக் கன்டம் பிளாஸ்டிக் மாடல்களுக்காக வரிசைகள் நின்றன. சரக்கு வரும் நாளைக் கேட்டறிந்து விடியற்காலையிலேயே பிள்ளைகள் கடை வாசலில் குவிந்தார்கள். 1982 ஜனவரியில் சிபா மாகாணத்தின் மட்சுடோவில் ஓர் அங்காடியில், மாடல் வாங்க முண்டியடித்த சிறுவர்கள் நகரும் படிக்கட்டில் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்து பலர் காயமடைந்தார்கள். திரையில் வந்த இயந்திரங்கள் விற்றுத் தீர்ந்ததும், திரையில் ஒருபோதும் வராத மாற்று வடிவங்களை 1983 முதல் பண்டாய் தனி வரிசையாக வெளியிட்டது: பாலைவனத்துக்கான ஜாக்கு, நீரடிப் போருக்கான ஜாக்கு. ஒவ்வொன்றின் விளக்கத் தாளிலும் அதன் போர் வரலாறு இருந்தது. இதழாசிரியர்களும் மாடல் கலைஞர்களும் சேர்ந்து வளர்த்த அந்த வரலாற்றில் பெரும்பகுதி பின்னர் அதிகாரப்பூர்வக் கதைக்குள்ளேயே நுழைந்தது. கதை பொருளை உண்டாக்கியது, பொருள் திரும்பக் கதையை உண்டாக்கியது. பிற்காலத்தில் அச்சுத் தொழில்நுட்பம் முன்னேறி, 1990இல் ஒரே சட்டத்தில் பல நிறங்கள் வந்தன. 1995இல் மாஸ்டர் கிரேடு, 1998இல் பெர்ஃபெக்ட் கிரேடு என்று உள் எலும்புக்கூடு வரை காட்டும் வரிசைகள் வந்தன. பசையும் தூரிகையும் இல்லாமலே முடிக்கலாம் என்றானது. இதுவரை விற்ற மாடல்கள் 70 கோடிக்கும் மேல்.

தொடர்ச்சியின் சுமை

வெற்றி வந்தவுடன் கேள்வி திரும்பியது. மாடல் வாங்குவோருக்குப் புதிய இயந்திரம் வேண்டும். அதற்குப் புதிய தொடர் வேண்டும். 1985 மார்ச்சில் தொடங்கிய ‘சீட்டா கன்டம்’, ஏழாண்டு கழித்து நடக்கும் கதை. போரில் வென்ற கூட்டரசே இப்போது கொடுமைக்காரனாக மாறியிருக்கிறது. பழைய நாயகன் அமுரோ கண்காணிப்பில் முடங்கிக் கிடக்கிறான். புதிய நாயகன் காமீல் கடைசி அத்தியாயத்தில் புத்தி பேதலித்துப்போகிறான். 50 அத்தியாயங்களில் அது சொன்ன செய்தி, முதல் தொடரின் வெற்றியால் எதுவும் தீரவில்லை என்பது. இதை டோமினோ தன் சொந்த வெற்றியைப் பற்றியும் எழுதினார் என்றே நான் படிக்கிறேன். 1986இல் ‘டபுள் சீட்டா’, 1988இல் அமுரோ, ஷார் இருவரின் கதையையும் முடிக்கும் திரைப்படம் என்று வரிசை நீண்டது. குட்டையான உடலும் பெரிய தலையும் கொண்ட எஸ்.டி. கன்டம் உருவங்கள், நாணயம் போட்டால் விழும் உருண்டைப் பொம்மைகளாகவும் அட்டைகளாகவும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் பரவி, 1980களின் பிற்பகுதியில் இந்தப் பெயரைத் தாங்கிப்பிடித்தன.

1989இல் வீடியோவுக்கென்று வந்த ஆறு அத்தியாயக் கதை தனியாகப் பேசத் தக்கது. டோமினோ இயக்காத முதல் கன்டம் அது. இயக்கியவர் ஃபுமிஹிகோ டகாயாமா. நடுநிலை வகிக்கும் சைட் 6இல் வாழும் ஆல் என்ற சிறுவனுக்குப் போர் இயந்திரங்கள் என்றால் உயிர். தன் ஊரில் வீழ்ந்த ஜாக்குவின் ஓட்டுநனான பெர்னியோடு நட்பாகிறான். பக்கத்து வீட்டுப் பெண் கிறிஸ்தான் புதிய கன்டத்தின் ஓட்டுநர் என்பது ஆலுக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் நாளில் இரண்டு இயந்திரங்களும் மோத, பெர்னி இறக்கிறான். அவனைக் கொன்றது தான் என்று கிறிஸுக்கு இறுதிவரை தெரிவதில்லை. பள்ளியில் முதல்வர் பேசிக்கொண்டிருக்கும்போது ஆல் அழத் தொடங்குகிறான். போர் முடிந்துவிட்டதே என்று அழுகிறான் போலும் என நினைத்த தோழர்கள், கவலைப்படாதே, சீக்கிரமே இன்னொரு போர் வரும், இதைவிட அருமையானதாக இருக்கும் என்று தேற்றுகிறார்கள். போரை வெறுக்கும் கதையைச் சொல்லி, போர் இயந்திரங்களின் மாடல்களை விற்கும் முரண்பாட்டை, மாடல் வாங்கும் பிள்ளையின் கண் வழியாகவே காட்டிய படைப்பு இது. அந்த முரண்பாடு கன்டத்தின் குறை என்று சொல்பவர்கள் உண்டு. அதை மறைக்காமல் கதைக்குள் கொண்டுவந்து நிறுத்தியதே அதன் நேர்மை என்று நான் கருதுகிறேன்.

1994: உரிமையாளர் மாறுகிறார்

1993 ஏப்ரலில் தொடங்கிய ‘விக்டரி கன்டம்’ ஓடி முடியும் தறுவாயில் சன்ரைஸ் பண்டாயின் வசமானது. பணம் போடுபவரும் தயாரிப்பவரும் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். 13 வயது நாயகனைச் சுற்றி ஈவிரக்கமின்றிச் சாவு விழும் அந்தத் தொடருக்குப் பிறகு டோமினோ மன அழுத்த நோயால் பல ஆண்டுகள் அவதிப்பட்டார். அதைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். விளம்பரதாரரோடு மல்லுக்கட்டியே உருவான ஒரு படைப்பாளிக்கு, அந்த எல்லைக்கோடே அழிந்துபோனது சாதாரண மாற்றமாக இருந்திருக்காது.

அடுத்து வந்தவை பண்டாயின் துணிச்சலைக் காட்டுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். 1994இல் யசுஹிரோ இமாகாவா இயக்கிய ‘ஜி கன்டம்’ பழைய கதையுலகை முழுவதுமாகக் கைவிட்டு, நாடுகள் ஆளுக்கொரு கன்டத்தை அனுப்பி மற்போர் நடத்தும் கதையைச் சொன்னது. பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் கன்டம் என்பது ஒரு குறிப்பிட்ட வரலாறாக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்று நிறுவி, பின்வந்த எல்லாத் தொடர்களுக்கும் வழி திறந்தது அதுதான். 1995இல் வந்த ‘கன்டம் விங்’ 2000 மார்ச்சில் அமெரிக்காவின் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஒளிபரப்பாகி, அங்கே கன்டத்துக்கு வாசல் திறந்தது. 2001இல் அதே அலைவரிசை முதல் தொடரைக் காட்டத் தொடங்கியது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் போர்க் காட்சிகள் நிறைந்த அத்தொடர் நிறுத்தப்பட்டது. பிறந்த மண்ணிலும் புகுந்த மண்ணிலும் அந்த 43 அத்தியாயங்கள் பாதியில் நின்றிருக்கின்றன.

1999இல் டோமினோ ‘டர்ன் ஏ கன்டம்’ தொடரோடு திரும்பினார். அமெரிக்க வடிவமைப்பாளர் சிட் மீட் வரைந்த அந்த இயந்திரத்துக்கு மீசை போன்ற முகம். ரசிகர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். கதையில் மனிதர்கள் பழைய போர்களையெல்லாம் மறந்து, நீராவியும் வயலுமாக வாழ்கிறார்கள். மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட கன்டம் மாடுகளைச் சுமந்து செல்கிறது, துணி துவைக்க உதவுகிறது. இதுவரை வந்த எல்லாக் கன்டம் கதைகளும், பிறர் இயக்கியவை உட்பட, அந்த உலகின் புதைந்துபோன கடந்த காலமாக ஆகிவிடுகின்றன. தன் கையை விட்டுப்போன ஒன்றை டோமினோ இப்படி அரவணைத்துக்கொண்டதை, இந்த வரலாற்றின் மிகப் பெருந்தன்மையான செயலாக எண்ணுகிறேன்.

புதிய தலைமுறைகள்

2002 அக்டோபரில் மிட்சுவோ ஃபுகுடா இயக்கத்தில் தொடங்கிய ‘கன்டம் சீட்’, மரபணு மாற்றப்பட்டவர்களுக்கும் இயல்பாகப் பிறந்தவர்களுக்கும் இடையிலான போரில் எதிரெதிர் அணியில் நிற்கும் இரு நண்பர்களின் கதை. முதல் தொடரின் சட்டகத்தை எடுத்துப் புதிய தலைமுறைக்குத் திரும்பச் சொன்ன அது, பெண் பார்வையாளர்களை மீண்டும் பெருமளவில் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியான ‘சீட் ஃப்ரீடம்’ திரைப்படம் 2024 ஜனவரி 26 அன்று வெளியாகி 500 கோடி யென்னுக்கு மேல் வசூலித்து, கன்டம் படங்களிலேயே முதலிடம் பிடித்தது. முதல் தொடர் வெட்டுண்டு முடிந்த அதே தேதி, 44 ஆண்டுகள் கழித்து.

2009 ஜூலையில் டோக்கியோவின் ஒடாய்பாவில் 18 மீட்டர் உயரக் கன்டம் சிலையொன்று முதன்முறையாக நின்றது. இரண்டு மாதத்துக்குள் 41 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். யோகோஹாமா துறைமுகத்தில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை நின்ற இன்னொரு கன்டமோ அசைந்தது. இடுப்பில் பின்புறத்திலிருந்து ஒரு தாங்கி அதைப் பிடித்துக்கொள்ள, முழங்காலை மடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்தது. தன் எடையைத் தானே சுமக்கும் 18 மீட்டர் ரோபோ இன்றைய பொறியியலுக்கும் எட்டாதது என்பதை, அதைக் கட்டியவர்கள் அந்தத் தாங்கியின் வழியாக ஒளிவின்றிக் காட்டினார்கள்.

2022 அக்டோபரில் வந்த ‘புதன் கோளின் சூனியக்காரி’ தொடரில்தான் தொலைக்காட்சிக் கன்டம் ஒன்றுக்கு முதன்முறையாகப் பெண் முதன்மை நாயகியானாள். அதன் களம் ஒரு பள்ளி. அதை நடத்துவது ஆயுத நிறுவனங்களின் கூட்டமைப்பு. மாணவர்கள் தத்தம் குடும்ப நிறுவனங்களின் ரோபோக்களில் ஏறிப் போட்டியிடுகிறார்கள்; பங்கு விலை ஏறி இறங்குகிறது. இயந்திரங்களைச் செய்து விற்பவர்களே கதையின் மையத்துக்கு வந்துவிட்டார்கள். பண்டாய் நாம்கோவின் வீட்டுக்குள்ளேயே உருவான தொடர் இதைச் சொன்னது என்பதால், 1994 பற்றி எனக்கு இருந்த கவலையில் ஒரு பகுதி குறைந்தது.

2025 ஏப்ரலில் சன்ரைஸும் ஸ்டுடியோ காராவும் சேர்ந்து வழங்கிய ‘ஜீக்குவாக்ஸ்’ தொடங்கியது. கசுயா சுருமாகி இயக்க, 1979இல் கன்டத்தைக் கண்டு வளர்ந்த தலைமுறையின் ஹிடேயாகி அன்னோ எழுத்தில் பங்கேற்றார். அதன் கதை, சைட் 7இல் அமுரோ கன்டத்தில் ஏறுவதற்கு முன்பே ஷார் அதைக் கைப்பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து பிறக்கிறது: ஜியோன் போரில் வெல்கிறது, கன்டத்துக்குச் சிவப்புச் சாயம் பூசப்படுகிறது. முதல் அத்தியாயம் ஒவ்வொரு காட்சியாக நினைவில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்ட கதை இது. க்ளோவரின் கணக்கில் இடம்பெறாத அந்தப் பார்வையாளர்களும், அவர்களிடமிருந்து கதையைக் கேட்டு வளர்ந்தவர்களும் பார்ப்பதற்காக, அது செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் ஒளிபரப்பானது.